மவுஸ் சாகலை, சார்ஜ்தான் ஏறலை!

ஹாஸ்டல்ல எந்த ரூமுக்குப் போனாலும் டேபிள் டிராயரைத் திறந்து பாருங்க. உள்ள ஒரு வயர்லெஸ் மவுஸ் கிடக்கும். "என்னாச்சு?"ன்னு கேட்டா பதில் ஒண்ணுதான்: "சார்ஜ் ஏற மாட்டேங்குது, போயிருச்சு." சரி, எங்க போச்சு? கேபிளா, போர்ட்டா, பேட்டரியா, சார்ஜிங் ஐசியா? கேட்டா தெரியாது. ஆனா புது மவுஸ் ஆர்டர் போட்டு அது டெலிவரியும் ஆகியிருக்கும்.

நம்ம படிப்பு இன்ஜினியரிங். முதல் வருஷத்துலயே ஓம்ஸ் லா, கிர்ச்சாஃப் லா எல்லாம் எழுதிப் பாஸ் ஆகிட்டோம். ஆனா 5 வோல்ட்ல ஓடுற ஒரு சின்ன சாதனம் மக்கர் பண்ணினா, "எங்க கோளாறு?"ன்னு வரிசையா தேட நமக்கு வரலை. இதைத்தான் இந்தக் கட்டுரையில பேசப் போறேன். என் கருத்து ரொம்ப சிம்பிள்: சார்ஜ் ஏறாத மவுஸ்ல பலது சாகலை. புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அதுக்கு நீங்க அரை மணி நேரம் கடன்பட்டிருக்கீங்க.

"ஐநூறு, அறுநூறு ரூபா மவுஸுக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு தோணலாம். நம்ம பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பலரோட அப்பா ஆறுமுகநேரி பக்கம் உப்பளத்துல வேலை பாக்குறவரு, உடன்குடி பக்கம் பனை ஏறுறவரு, கடலுக்குப் போறவரு. அந்தக் காசு ஒரு நாள் உழைப்பு. அதைக் கேபிள் மாத்தினா தீர்ற ஒரு பிரச்சனைக்காகக் கொடுக்கணுமா?

முதல்ல நம்ம ஊரைப் புரிஞ்சுக்குவோம்

திருச்செந்தூர்ல எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு உப்புக் காத்து, இன்னொண்ணு தேரி மண்ணு.

சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காத்துல ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணியை இழுத்துக் கரைஞ்சு உப்புநீரா மாறிடும். கடற்கரை ஊர்ல ராத்திரி அந்த அளவைத் தாண்டுறது புதுசு இல்ல. அப்போ உங்க மவுஸோட சார்ஜிங் போர்ட்டுக்குள்ள படிஞ்சிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உப்பு, ராத்திரியில மின்சாரம் கடத்துற திரவமா மாறுது. அந்த நேரத்துல கேபிளைச் செருகி வச்சுட்டுத் தூங்கினா, 5 வோல்ட் இருக்கிற பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவுல ஒரு குட்டி எலக்ட்ரோலிசிஸ் நடக்கும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்த அதே விஷயம்தான். பின் மேல இருக்கிற தங்க முலாம் தேஞ்சு, அடியில இருக்கிற செம்பு பச்சை பூக்கும், இல்லன்னா கறுத்துப் போகும்.

டைப்-சி போர்ட்ல இது இன்னும் சிக்கல். முழு டைப்-சி போர்ட்ல 24 பின்கள், ஒண்ணுக்கொண்ணு 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. 5 வோல்ட் வர்ற பின்னுக்கு நேர் பக்கத்துலயே சார்ஜரோட பேசுற சிசி பின் உட்கார்ந்திருக்கு. நடுவுல ஒரு துளி உப்புநீர் போதும், ரெண்டும் குழம்பிப் போகும்.

அடுத்து மண்ணு. ஆனி, ஆடி மாசம் மேல்காத்து அடிக்கும்போது தேரிக்காட்டுச் செம்மண்ணு எங்க எல்லாம் போகும்னு சொல்லத் தேவையில்ல. துவைச்சுக் காயப்போட்ட சட்டையில இருந்து சாம்பார் வரைக்கும் போகும். மவுஸ் போர்ட்டுக்கு மட்டும் போகாதா? அதோட பையில இருக்கிற நூல் பிசிறும் சேர்ந்து உள்ள போய் இறுகி உட்கார்ந்துக்கும். கேபிள் செருகினா "டிக்"னு உட்காராம பாதியிலேயே நிக்கும்.

சென்னையில உட்கார்ந்து எழுதின டிரபிள்ஷூட்டிங் வழிகாட்டியில இதெல்லாம் இருக்காது. அதனால நம்ம ஊருக்கான வரிசையை நாமளே வச்சுக்கணும்.

வரிசைதான் இன்ஜினியரிங்

கோளாறு தேடுறதுல ஒரே ஒரு விதி: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. செலவு இல்லாததை முதல்ல பாருங்க. திறக்க வேண்டியதைக் கடைசியில பாருங்க.

1. இது சார்ஜ் பிரச்சனைதானா? பாயிண்டர் தத்தித் தத்திப் போனா உடனே பேட்டரி மேல பழி போடாதீங்க. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகின ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இரைச்சல் போடும்னு இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கு. உங்க மவுஸ் டாங்கிளும் அதே அலைவரிசையிலதான் பேசுது. டாங்கிளை வேற போர்ட்டுக்கு மாத்துங்க. தத்தல் நின்னா பேட்டரி மேல தப்பில்ல.

2. கேபிளை மாத்துங்க. டைப்-சி வடிவமைப்பில் ஒரு நல்ல புத்திசாலித்தனம் இருக்கு. தேயக்கூடிய ஸ்பிரிங் பாகத்தைச் சாதனத்துக்குள்ள வைக்காம, கேபிள் முனையில வச்சிருக்காங்க. அதாவது முதல்ல சாக வேண்டியது கேபிள்தான். அதனால நல்லா வேலை செய்யுதுன்னு உறுதியா தெரிஞ்ச வேற கேபிளைப் போட்டுப் பாருங்க. "இதே கேபிள்ல போன் சார்ஜ் ஆகுதே"ங்கிறது நல்ல சோதனை, ஆனா போர்ட் ரெண்டும் ஒரே வகையா இருந்தாத்தான்.

3. சார்ஜரை மாத்துங்க. பலரும் ஏமாறுற இடம் இதுதான். லேப்டாப்போட வந்த டைப்-சி சார்ஜர்ல, ரெண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைப் போட்டா மவுஸ்ல லைட்டே எரியாது. அதே மவுஸை, ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ ஆக இருக்கிற கேபிள்ல போட்டா ஜம்முனு ஏறும். ஏன்?

யுஎஸ்பி-ஏ போர்ட்ல 5 வோல்ட் எப்பவும் இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படி இல்ல. எதிர்ல ஒரு சாதனம் இருக்குன்னு உறுதியானாத்தான் அது 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அந்த உறுதியைக் கொடுக்கிறது, சாதனத்துக்குள்ள ரெண்டு சிசி பின்லயும் தனித்தனியா கிரவுண்டுக்குப் போற 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பைசாக் கணக்கில் விலை. அதையும் மிச்சம் பிடிக்கிற தயாரிப்பாளர்கள் இருக்காங்க. அந்த ரெசிஸ்டர் இல்லாத மவுஸ் டைப்-சி சார்ஜருக்குக் கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் ரெசிஸ்டர் இருந்தாலோ, ஒரு பக்கப் பின் மட்டும் அரிச்சிருந்தாலோ, கேபிளைத் திருப்பிச் செருகினா மட்டும் சார்ஜ் ஏறும். அதனால எப்பவும் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க.

"65 வாட் சார்ஜர்ல போட்டா மவுஸ் வெடிச்சிராதா?"ன்னு ஜூனியர்ஸ் கேக்கிறதுண்டு. விதிப்படி செஞ்ச டைப்-சி சார்ஜர் முதல்ல 5 வோல்ட்தான் கொடுக்கும். சாதனம் பேசிக் கேட்டாத்தான் அதுக்கு மேல ஏத்தும். மவுஸ் கேக்காது. ஆனா பேர் தெரியாத சார்ஜரை நம்பாதீங்க. லேப்டாப்போட யுஎஸ்பி-ஏ போர்ட்டே மவுஸுக்குத் தாராளம்.

4. பவர் பேங்க்கை நம்பாதீங்க. மவுஸ் இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு. பேட்டரி நிரம்ப நிரம்ப அது இன்னும் குறையும். பவர் பேங்க், "யாரும் இல்ல போல"ன்னு நினைச்சுத் தானே அணைஞ்சிரும். பாதி சார்ஜ்ல நிக்கிற மவுஸுக்கு இது ஒரு பொதுவான காரணம். மவுஸ் மேல தப்பே இல்ல.

5. போர்ட்டைப் பாருங்க. மவுஸை ஆஃப் பண்ணி, கேபிளை எடுத்துட்டு, போன் டார்ச் அடிச்சு, இன்னொரு போன் கேமராவில ஜூம் பண்ணிப் பாருங்க. செம்மண்ணோ பிசிறோ இருந்தா மரத்தாலான பல்குச்சியால மெதுவா எடுங்க. குண்டூசி, சேஃப்டி பின் உள்ள விடாதீங்க. நடுவுல இருக்கிற நாக்கு உடைஞ்சா கதை முடிஞ்சுது. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல மெல்லிய பிரஷ்ஷை லேசா நனைச்சுத் துடைங்க. மொபைல் சர்வீஸ் கடை அண்ணாச்சிகிட்ட கேட்டா ஐபிஏன்னு எடுத்துத் தருவாரு. ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், பலதுல கிளிசரின் இருக்கு, பிசுக்குப் படியும். துடைச்ச பிறகு கால் மணி நேரம் ஃபேன் காத்துல காய விட்டுட்டு அப்புறம் செருகுங்க.

6. பொறுமையா இருங்க. செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்ததும் செத்துக் கிடக்கிற மவுஸ் பலதுக்கும் மருந்து பொறுமைதான். லித்தியம் பேட்டரி முழுசா வடிஞ்சு 3 வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா, சார்ஜிங் ஐசி அதுக்கு முழு கரண்ட் கொடுக்காது. நம்ம லேப்ல புழங்குற டிபி4056 ஐசியையே எடுத்துக்குங்க: செல் 2.9 வோல்ட்டைத் தொடுற வரைக்கும் பத்துல ஒரு பங்கு கரண்ட்தான் விடும். அந்த நேரத்துல லைட் எரியாம இருக்கலாம், மவுஸ் அசையாம இருக்கலாம். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுறாதீங்க. ஒரு மணி நேரம் விடுங்க.

7. அளந்து பாருங்க. ஊகம் போதும், இனி எண்ணுக்கு வருவோம். கேபிளுக்கும் போர்ட்டுக்கும் நடுவுல செருகுற யுஎஸ்பி மீட்டர் ஒண்ணு, ரூமுக்கு ஒண்ணு இல்லாட்டியும் மாடிக்கு ஒண்ணு இருந்தாப் போதும். அது காட்டுற கரண்ட்டை இப்படிப் படிங்க:

பூஜ்யம்னா பாதை அறுந்திருக்கு. கேபிள், போர்ட், சார்ஜிங் ஐசி, இல்லன்னா பேட்டரி வயர். சில பத்து மில்லி ஆம்பியர்னா மேல சொன்ன மெதுவான கட்டம். ஒரு மணி நேரத்துக்கு அப்புறமும் அதுலயே நின்னா செல் போச்சு. சில நூறு மில்லி ஆம்பியர்ல ஆரம்பிச்சுப் படிப்படியா இறங்கினா, எல்லாம் சரி. சில நிமிஷத்துலயே இறங்கி "ஃபுல்"னு லைட் காட்டி, அப்புறம் ஒரு மணி நேரம் கூட வேலை செய்யலைன்னா, செல்லுக்கு வயசாயிருச்சு. உள் மின்தடை கூடிப் போனதால 4.2 வோல்ட்டைச் சீக்கிரமே தொட்டுடுது, ஐசியும் நிரம்பிட்டதா நம்பிடுது.

இந்த ஒரு பத்தியைப் புரிஞ்சுக்கிட்டவங்க பேட்டரி சார்ஜிங் பத்திப் பரீட்சையில வர்ற கேள்வியைப் படிக்காமலே எழுதலாம்.

திறக்கலாமா?

வாரண்டி இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா திறக்கவே கூடாது. பில்லை எடுத்துக்கிட்டு மாத்தித் தரச் சொல்லுங்க. கடைக்காரர் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. அது நமக்கும் சேர்த்துத்தான்.

வாரண்டி முடிஞ்சிருந்தா, ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில வழுக்குறதுக்காக ஒட்டியிருக்கிற பட்டைக்குக் கீழயோ, ஸ்டிக்கருக்குக் கீழயோ இருக்கும். உள்ள இருக்கிறது 3.7 வோல்ட்னு எழுதின ஒரு சின்ன லித்தியம் செல். மாத்தினா அதே அளவு, அதே வோல்ட்டேஜ், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா வாங்குங்க. கனெக்டர் ஒரே மாதிரி இருக்கேன்னு நம்பிச் செருகாதீங்க. சிவப்பு, கறுப்பு வயர் இடம் மாறி வரும். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டுச் செருகுங்க. கைப்பழக்கம் இல்லன்னா சர்வீஸ் கடை அண்ணாச்சிகிட்டயே கொடுங்க. சால்டரிங்ல நம்ம எல்லாரையும் விட அவரு சீனியர்.

ஒரு இடத்துல மட்டும் நான் கறார். மவுஸோட மேல்மூடி தூக்கிட்டு நின்னாலோ, க்ளிக் அமுங்காம இறுகினாலோ, செல் உப்பியிருக்கலாம். அப்போ ரிப்பேர் ஆசையை விட்டுடுங்க. சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அழுத்தாதீங்க. கட்டில் பக்கத்துல இருந்து எடுத்து, மணல் போட்ட தகர டப்பாவுல வச்சு, மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. ஒரு ஹாஸ்டல் ரூமோட பாதுகாப்பை விட எந்த மவுஸும் பெருசு இல்ல.

தப்பு நம்ம மேல மட்டும்தானா?

இல்ல. "பசங்களுக்குப் பொறுமை இல்ல"ன்னு சொல்லி முடிச்சுக்க முடியாது. திறக்கவே முடியாதபடி செய்றாங்கங்கிறது உண்மை. உலகத்துலயே பெரிய நிறுவனங்கள்ல ஒண்ணான ஆப்பிள், 2015-ல் வெளியிட்ட மேஜிக் மவுஸ் 2-ல் சார்ஜிங் போர்ட்டை அடிப்பக்கத்துல வச்சது. சார்ஜ் போடும்போது மவுஸைக் கவிழ்த்துப் போடணும், வேலை செய்ய முடியாது. 2024-ல் டைப்-சிக்கு மாத்தினப்பவும் போர்ட் அதே அடிப்பக்கத்துலதான். அங்கேயே அப்படின்னா, 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கிற மலிவு மவுஸ்காரங்களைக் கேக்கவே வேண்டாம்.

ஆனா சட்டம் மெதுவா நகருது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 டிசம்பர் 28 முதல் விக்கிற ரீசார்ஜபிள் மவுஸ், கீபோர்டு எல்லாத்துக்கும் டைப்-சி கட்டாயம். 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களோட பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்னு இன்னொரு விதி. இந்தியாவிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் நலத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது, அதுக்குன்னு ஒரு இணையதளமும் வந்திருக்கு. மின்கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்புன்னு சொல்ற புது விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புல இருக்கு. ஐ.நா. தரப்புக் கணக்குப்படி 2022-ல் உலகத்துல உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி செஞ்சது 22.3 சதவீதம்தான். மிச்சத்துல உங்க டிராயர்ல கிடக்கிறதும் சேரும்.

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. வாங்கும்போதே கேள்வி கேளுங்க. என்னைக் கேட்டா, கடற்கரை ஹாஸ்டலுக்கு ரீசார்ஜபிள் மவுஸ்தான் சிறந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஏஏ பேட்டரி போடுற மவுஸ் வாங்கி, ரீசார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ரெண்டு வச்சுக்குங்க. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சார்ஜர்ல. போர்ட்டே இல்லாத மவுஸ்ல உப்பு எங்க போய் உட்காரும்? செல்லுக்கு வயசானா செல்லை மட்டும் மாத்தலாம். சாதா அல்கலைன் செல்லை மட்டும் சார்ஜர்ல போட்டுறாதீங்க. ரூமை விட்டு வெளிய போகாத மவுஸுன்னா வயர் மவுஸே போதும், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

"நேரம் யாருக்கு இருக்கு?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். "அரை மணி நேரத்துல ரெண்டு கோடிங் பிராப்ளம் முடிப்பேன், பிளேஸ்மென்ட் வருது." நியாயம்தான். ஆனா பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில "நீங்க ஒரு பிரச்சனையை எப்படி டீபக் பண்ணினீங்க?"ன்னு கேட்டா, எத்தனை பேர்கிட்ட சொந்தமா ஒரு பதில் இருக்கு? ஒண்ணொண்ணா விலக்கி, அளந்து, காரணத்தைப் பிடிக்கிறது கோடுக்கும் அதேதான், சர்க்யூட்டுக்கும் அதேதான். நம்ம ஊருக்குப் பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28 அன்னிக்கு ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அங்க வேலைக்குப் போகணும்னு நம்மில் பலருக்குக் கனவு இருக்கு. அங்கயும் கவுண்ட்டவுன் நிக்கிறப்ப, எந்தக் கனெக்டர்ல கோளாறுன்னு வரிசையா தேடத் தெரிஞ்சவங்கதான் வேணும். அதே உப்புக் காத்து அங்கயும் அடிக்குது.

அதனால நம்ம கல்லூரிக்கு ஒரு யோசனை வைக்கிறேன். 2009-ல் ஆம்ஸ்டர்டாம்ல 'ரிப்பேர் கஃபே'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கெட்டுப்போன சாமானோட வாங்க, தெரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து சரி பண்ணுவோம்ங்கிற ஏற்பாடு. இன்னிக்குப் பல நாட்டுல நடக்குது, பெங்களூர்லயும் நடக்குது. நமக்குப் பெருசா எதுவும் வேண்டாம். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம், இசிஇ லேப் வெளிய ஒரு மேஜை. ரெண்டு மல்டிமீட்டர், ஒரு யுஎஸ்பி மீட்டர், ஒரு பாட்டில் ஐபிஏ, நாலு பிரஷ், நல்ல கேபிள் மூணு. ட்ரிபிள் இ, இசிஇ சீனியர்ஸ் ரெண்டு பேர். பக்கத்துல மின்கழிவுக்கும் பழைய பேட்டரிக்கும் தனித்தனிப் பெட்டி. மேஜையில ஒரு நோட்டு: என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடிச்சோம், எது சரியாச்சு. ஒரு வருஷம் எழுதினா, உப்புக் காத்து ஊர்ல எந்தச் சாதனம் எங்க முதல்ல கெடுதுங்கிற கணக்கு நம்ம கையில இருக்கும். அதை வச்சு ஒரு ஃபைனல் இயர் பிராஜெக்ட்டே பண்ணலாம். இணையத்துல இருந்து காப்பி அடிக்காத பிராஜெக்ட்!

துறைத் தலைவர்கிட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுவோம். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவங்க இதழ்க் குழுவைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரி அந்த டிராயரைத் திறங்க. கேபிளை மாத்துங்க, திருப்பிப் போடுங்க, போர்ட்டைத் துடைங்க, ஒரு மணி நேரம் விடுங்க. லைட் எரிஞ்சா பக்கத்து ரூம்காரனுக்கும் சொல்லிக் கொடுங்க. எரியலைன்னா மேஜைக்கு எடுத்துட்டு வாங்க. சேர்ந்து பாப்போம்.